அம்மாவின் முழங்காலுக்கு ஊசி போடலாமா?

ரங்கூன் மகள்:
அம்மாவுக்கு 66 வயது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். படி இறங்கும்போதுதான் வலது முழங்கால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதாம். காளி கோயிலுக்குப் போயே மூன்று மாதம் ஆகிவிட்டது. அதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வருத்தம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசியும், குருத்தெலும்பு வளர குளுக்கோசமின் மாத்திரையும் சொல்கிறார்கள். நம்பலாமா?

மோல்மேன் அண்ணன்:
தங்கச்சி, அவசரப்படாதே. அமெரிக்காவில் 140 பேரை இரண்டு ஆண்டு கவனித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு இதே மாதிரி மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. தாங்க முடியாத வலிக்கு எப்போதாவது ஒன்று போடுவது வேறு, வழக்கமாக்குவது வேறு. குளுக்கோசமினை 2006இல் 1,583 பேரிடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது, அதனால் தேய்ந்தது சுலபமாக வளராது.

பெகு அக்கா:
எனக்கும் இதே வலிதான் கண்ணு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கி, பத்து எண்ணி இறக்குவேன். தொடைத் தசை பலமானால் மூட்டுக்குப் பாரம் குறையும். உடம்பு எடையும் ஐந்து கிலோ குறைத்தேன். அப்புறம் படி இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். கைப்பிடியை விடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்.

ரங்கூன் மகள்:
சரி அக்கா, இன்றைக்கே நாற்காலிப் பயிற்சியை ஆரம்பிக்கிறோம். ஊசியைப் பற்றி வேறொரு எலும்பு டாக்டரிடமும் கேட்கிறேன்.