வாய்க்கால் கரையில் கொறுக்கு இருக்கட்டுமா, கொய்யா வைக்கலாமா?

வயலோரம்:
கும்பகோணம் பக்கம் எங்கள் வயலை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால் போகிறது. கரை நெடுக கொறுக்கு என்கிற நாணல் வகைச் செடி புதர் புதராக நிற்கிறது. இரண்டு ஆள் உயரம், கணுக்கணுவான தண்டு, உச்சியில் வெளுத்த பூக்கதிர். அதைத் தோண்டிப் போட்டுவிட்டு வரிசையாக லக்னோ-49 கொய்யா வைக்கலாம் என்று இருக்கிறேன். அப்பா கூடவே கூடாது என்கிறார். கரை நிற்பதே கொறுக்கால்தான் என்பது அவர் கட்சி. இரண்டையும் வளர்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கொய்யாத்தோப்பு:
யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். நான் ஆயக்குடிப் பக்கம் கொய்யா போட்டிருப்பவன். பதியன் கன்றாக வாங்கி, இரண்டடிக் குழி எடுத்து, மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நட்டால் இரண்டாம் மூன்றாம் வருடமே காய் பார்க்கலாம். மரத்துக்கு மரம் 5, 6 மீட்டர் விடுங்கள். 100 கிராம் பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் அதில் கால் பங்குதான். வீட்டுப் பிள்ளைகள் தின்றது போக மிச்சம் சந்தைக்குப் போகும். கொழுந்து இலை வயிற்றுப்போக்குக்குக் கஷாயம். கொறுக்கு என்ன தருகிறது? தண்ணீரைக் குடிக்கிறது, வாய்க்காலை அடைக்கிறது. அவ்வளவுதான்.

நாகசுர வீடு:
கொறுக்கு என்ன தருகிறது என்று காவிரிக் கரையில் வந்து கேட்கலாமா அண்ணே? நாகசுரத்தின் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி அதிலிருந்துதான் வருகிறது. திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறவர்கள் தட்டையை, அதாவது கொறுக்கின் தண்டை, பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். முற்றாத தட்டை ஊதினால் தளர்ந்துவிடும். பருமன் கூடினாலும் ஆகாது. வெட்டி, காயவைத்து, மாதக்கணக்கில் பழக்கி, வேகவைத்து, அழுத்தித் தட்டையாக்கி, நூல் சுற்றிக் கெண்டை என்கிற சின்ன உலோகக் குழலில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, ஓரத்தை நூலிழை அளவு சீவி, மறுபடியும் ஊதிப் பார்ப்பார்கள். ஆச்சா மரத்தில் எவ்வளவு நல்ல வாத்தியம் கடைந்தாலும் சீவாளி சரியில்லை என்றால் சத்தம் வராது. எங்கள் வீட்டில் கச்சேரிக்குக் கிளம்பும்போது முதலில் எடுத்து வைப்பது சீவாளிக் கொத்தைத்தான்.

கிளாரினெட், ஓபோ, சாக்ஸபோன் எல்லாவற்றின் ஊது நாக்குக்கும் இதே கொறுக்குதான், தாவரப் பெயர் அருண்டோ டோனாக்ஸ். பிரான்சில் வார் என்ற மாவட்டத்துத் தட்டைக்கு உலகம் முழுக்க மவுசு. அங்கே தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள். நாம் கிழங்கோடு தோண்டிப் போடப் பார்க்கிறோம்.

கொய்யாத்தோப்பு:
சீவாளியின் அருமையை நான் மறுக்கவில்லை தம்பி. ஆனால் ஒரு சீவாளிக்கு விரல் நீளத் தட்டை போதும். அதற்காக ஊர்க் கரை முழுவதையும் கொறுக்குக்கு எழுதி வைக்க வேண்டுமா? கலிபோர்னியாவில் இதே செடியை வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். சாண்டா அனா ஆற்றங்கரை மைல் கணக்கில் இதன் கையில் போய்விட்டது. காய்ந்த தட்டையில் தீப்பிடித்தால் மற்ற மரமெல்லாம் கருகும். இது மட்டும் கிழங்கிலிருந்து முதல் ஆளாக முளைத்துவிடும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் போட்ட பட்டியலில் இது இருக்கிறது. நல்ல ஈரமும் வெயிலும் இருந்தால் ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர் வரை வளரும். இதையா கரையில் விட்டு வைப்பது?

நாகசுர வீடு:
கலிபோர்னியாக் கணக்கைக் காவிரிக்குப் போடாதீர்கள். அங்கே அது வந்தேறி, தின்னப் பூச்சியும் இல்லை, வெட்ட ஆளும் இல்லை. அதனால்தான் டெக்சாஸில் ரியோ கிராண்டே கரைக்கு இதைத் தாக்கும் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே எத்தனை தலைமுறையாக இருக்கிற செடி! இளங்குருத்தை மாடு தின்னும். முற்றியதைத் தட்டிக்கும் பந்தலுக்கும் வெட்டுவார்கள். வெட்ட வெட்ட அடங்கித்தான் நிற்கும். இப்போது யாரும் வெட்டுவதில்லை, அதனால் தொல்லையாகத் தெரிகிறது.

அப்புறம் ஊடுருவல் பட்டியல் பேசுகிறீர்களே, உங்கள் கொய்யா மட்டும் என்ன? காலாபகஸ் தீவுகளில் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் வளைத்துப் போட்டது கொய்யாதான். மாடும் பறவையும் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதை முளைக்கிறது. கொறுக்கு பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை.

கரைமண்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். விதையால் பரவாது என்பது பெரும்பாலும் உண்மைதான். அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கணு உள்ள துண்டு ஒன்று ஈர மண்ணில் விழுந்தால் போதும், வேர் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் கிழங்கு பிய்ந்து கீழ்மடைக்குப் போய் அங்கே புதர் போடும். தக்காளிக்கும் அவரைக்கும் ஊன்றுகோலாக நடுகிறவர்கள் பச்சைத் தட்டையை அப்படியே நட்டுவிடாதீர்கள், நன்றாகக் காயவைத்த பிறகு நடுங்கள்.

வயலோரம் அப்பா சொல்கிற கரை விஷயத்துக்கு வருகிறேன். கொறுக்கின் கிழங்கு மேல்மண்ணில் அடர்ந்து கிடக்கும், அதிக ஆழம் போகாது. சாதாரண ஓட்டத்தில் கரையைப் பிடித்து நிறுத்துகிறது, அதில் சந்தேகமில்லை. பெருவெள்ளத்தில் அடியிலிருந்து மண் அரித்தால் புதரும் கரையும் ஒரே கட்டியாகச் சரிந்து விழும். விழுந்தது அடுத்த மதகில் போய்ச் சிக்கும். அதனால் கொறுக்கு இருக்கிறது, கரை பத்திரம் என்று இருந்துவிட வேண்டாம். அதற்காக நேற்று நட்ட கொய்யாக் கன்று கரையைக் காக்கும் என்றும் நான் சொல்லவில்லை.

இன்னொன்று. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். பங்குனி சித்திரையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும்போது கன்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மழைக்காலத்தில் அதே இடத்தில் வாரக்கணக்கில் நீர் தேங்கினால் வேர் என்ன ஆகும்? கொறுக்கு இரண்டையும் தாங்கும். வளர்ந்த கொய்யா வறட்சியைத் தாங்கும். கன்று தாங்காது.

கொய்யாத்தோப்பு:
நல்ல கேள்வி. களிமண்ணில் சமதளத்தில் நடக்கூடாது, மேட்டுப்பாத்தி எடுத்துத்தான் நட வேண்டும். முதல் இரண்டு கோடைக்குப் பானையோ சொட்டுநீரோ வைத்தே ஆக வேண்டும். கன்றைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல் என்று மூடாக்கு போட்டால் பாதிக் கவலை குறையும்.

கொய்யாவுக்கு உழைப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் அறுவடை முடிந்ததும் கிளை நுனியைக் கவாத்து செய்ய வேண்டும். நிமிர்ந்து போகிற கிளையை வளைத்துக் கட்டினால் பக்கத் தளிர் விட்டுப் பூ கூடும். பழ ஈ பெரிய சனியன். பழத்தின் மேல் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். பிளந்தால் சதை கொழகொழவென்று இருக்கும், வெள்ளைப் புழு துள்ளும். விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க வேண்டும், ஆண் ஈயை இழுக்கிற மீத்தைல் யூஜினால் மருந்து வைத்த பொறி தொங்கவிட வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். ஆனால் உழைத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். கொறுக்கில் நீங்கள் படுகிற பாடெல்லாம் அதை அடக்குவதற்கு மட்டும்தான்.

நாகசுர வீடு:
அடக்குவதே அறுவடைதான் அண்ணே. உரம் இல்லை, மருந்து இல்லை, பொறி இல்லை. முற்றியதை வெட்டி விற்றால் அதுவே பராமரிப்பு. இத்தாலியில் 1930களின் கடைசியில் டோர்விஸ்கோசா என்று ஓர் ஊரையே அமைத்து, இந்தத் தட்டையிலிருந்து ரேயான் நூலுக்குக் கூழ் எடுத்தார்கள். நம் ஊரில் சீவாளிக்கு நல்ல தட்டை கிடைக்காமல் அலைகிறார்கள். கொய்யா எந்த வயலிலும் வரும். வாத்தியத்துக்கு ஆகிற கொறுக்கு ஆற்றோரத்தில்தான் வரும். அந்தக் கரையையும் கொய்யாவுக்குக் கொடுத்தால் நாங்கள் எங்கே போவது?

கரைமண்:
வயலோரம், ஒரு அடிப்படைக் கேள்வி. அந்தக் கரை உங்கள் பட்டாவா, வாய்க்கால் புறம்போக்கா?

வயலோரம்:
கரை புறம்போக்குதான் ஐயா. எங்கள் பட்டா கரைக்கு உள்பக்கம் தொடங்குகிறது. வரப்பை ஒட்டி அகலமான மேட்டுத் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது.

கரைமண்:
அப்படியானால் கரையில் மரம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. நாளை தூர்வார பொக்லைன் வந்தால் முதலில் போவது உங்கள் கொய்யாதான். கன்றை மேட்டுத் துண்டில் வையுங்கள். கொறுக்கு பட்டாவுக்குள் ஏறாமல் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, வருடத்துக்கு இரண்டு முறை பள்ளத்தை எட்டிப் பார்க்கும் கிழங்கை நறுக்குங்கள். நறுக்கியதைத் தண்ணீரில் எறியாமல் மேட்டில் உலர்த்தி எரித்துவிடுங்கள்.

கொய்யாத்தோப்பு:
பள்ளம் வெட்டுவது சரி. ஆனால் கொறுக்கை விட்டு வைப்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. இரண்டு வருடம் பள்ளத்தைக் கவனிப்பார்கள், மூன்றாம் வருடம் மறந்துபோவார்கள். மதகுப் பக்கம் நிற்பதையாவது பாசனத்துறையில் மனு கொடுத்துக் கிழங்கோடு எடுக்கச் சொல்லுங்கள்.

நாகசுர வீடு:
மதகை அடைப்பதை எடுங்கள், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். மற்றதை இப்போது வெட்டாதீர்கள். தண்ணீர் நின்று, தட்டை மஞ்சளோடி முற்றட்டும். தை மாசி வாக்கில் இங்கே ஒரு வரி எழுதுங்கள், திருவாவடுதுறையிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எது வாத்தியத்துக்கு ஆகும், எது தட்டிக்குப் போகும் என்று அவரே பிரித்துவிடுவார்.

வயலோரம்:
சரி அண்ணே, எழுதுகிறேன். கொய்யாத்தோப்பு ஐயா, பதியன் கன்று எந்த மாதம் நடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கொய்யாத்தோப்பு:
உங்கள் பக்கம் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிக்க வேண்டும், அதனால் ஆடியிலேயே நட்டுவிடுங்கள். முதல் வருடம் வருகிற பூவைக் கிள்ளிப் போடுங்கள், மனசு கேட்காதுதான்.