ஃபேன் ஓடியது, ஏசியும் நிற்கவில்லை

டாலஸ் பக்கம் 2,200 சதுர அடியில் ஒற்றைத்தள வீடு எங்களுடையது. ஜூலை மதியம் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், 138 டிகிரி ஃபாரன்ஹீட். பின் படுக்கையறையில் கட்டில்கூடச் சுடும். சரி, அந்தச் சூட்டை வெளியே தள்ளலாம் என்று 1,600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 1,600 கன அடி காற்று) ஃபேன் ஒன்றை வாங்கி, பக்கச்சுவர் முக்கோணத்தில் இருந்த லூவருக்குப் (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு) பின்னால் பொருத்தினேன். வயரிங் மட்டும் எலக்ட்ரீஷியன். ஃபேனின் தெர்மோஸ்டாட் 105 டிகிரியில்.

ஃபேன் ஜோராக ஓடியது. ஏசி முன்னைவிட அதிகமாக ஓடியது!

கண்டுபிடித்தது மனைவிதான். ஹால்வே அலமாரியில்தான் எங்கள் சாமி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றிய ஊதுபத்தியின் புகை, அட்டிக் ஏணி மூடியைப் பார்த்து நேராகப் போகிறது என்றாள். பத்தியை மூடியின் இடுக்கில் பிடித்தேன். யாரோ உறிஞ்சுவதுபோல் புகை சரக்கென்று உள்ளே போனது. காசு கொடுத்துக் குளிராக்கிய காற்றை ஃபேன் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிகாலையில் மேலே ஏறிப் பார்த்தால், கூரை விளிம்பின் அடியில் வெளிக்காற்று வருவதற்கான சாஃபிட் துளைகளை இன்சுலேஷன் பஞ்சு மூடிக்கிடந்தது. 300 சிஎஃப்எம்முக்கு ஒரு சதுர அடி திறப்பு வேண்டும் என்பது கணக்கு. எனக்கு ஐந்துக்கு மேல் தேவை, ஒன்றுகூடத் தேறாது. வெளிக்காற்று வர வழியில்லாவிட்டால் வீட்டுக்காற்றைத்தானே இழுக்கும்?

இரண்டு ஞாயிறு குப்புறப் படுத்துப் பஞ்சை விலக்கி, அது மறுபடி துளைகளை மூடாதபடி பாஃபிள் தடுப்பு அடித்து, ஏணி மூடியைச் சுற்றி ஃபோம் ஒட்டினேன். இப்போது புகை அதன் பாட்டுக்கு நெளிகிறது. அப்புறம் ஒரு வாரம் ஃபேனை நிறுத்தியும் பார்த்தேன். அறையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலிலேயே ஃபோமை ஒட்டியிருக்கலாம்.

—

அண்ணா, உங்களுடையது கேஸ் வாட்டர் ஹீட்டரா? ஹூஸ்டனில் எங்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஃபேன் போட்ட மூன்றாம் நாள் கார்பன் மோனாக்சைடு விஷவாயு அலாரம் அலறியது. ஃபேன் வீட்டுக்காற்றை இழுத்த இழுப்பில், குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். அலாரம் இல்லாதவர்கள் இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள், ஃபேன் அப்புறம்.

—

எங்கள் கதை சின்னது. அட்டிக்கில் குறுக்கே ஓடும் ஜாயிஸ்ட் கட்டை மேல்தான் கால் வைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே கணவர் பஞ்சு மேல் கால் வைத்தார். உட்கூரையின் டிரைவால் பலகை உடைந்து, அவர் கால் முழங்கால்வரை கெஸ்ட் ரூமில் தொங்கியது. கீழே மாமியார் மதியத் தூக்கம். தொங்கிய அந்தக் காலைப் பற்றி அவர்கள் ஊரில் சொல்லாத ஆளில்லை. பேட்ச் போட்ட இடம் இன்னும் வேறு வெள்ளையாகத் தெரிகிறது.