விமானத் தாமத இழப்பீடு: "தொழில்நுட்பக் கோளாறு" என்று ஏர்லைன் கைவிரித்தால்?

நெய்தல்நிலா கேட்டது:
ஹம்பர்க் – ஃபிராங்க்ஃபர்ட் – டொராண்டோ, ஒரே புக்கிங், இரண்டும் ஒரே ஜெர்மன் ஏர்லைன். முதல் விமானம் 55 நிமிடம்தான் தாமதம், ஆனால் கனெக்‌ஷன் போய்விட்டது. அடுத்ததில் ஏற்றிவிட்டார்கள், டொராண்டோ போய்ச் சேர்ந்தது 7 மணி நேரம் பிந்தி. பெரியவர்கள் இருவர், மடியில் கைக்குழந்தை. இழப்பீடு கேட்டால் "தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணச் சூழ்நிலை, எனவே தர இயலாது. நல்லெண்ண அடிப்படையில் ஆளுக்கு 200 யூரோ வவுச்சர்" என்று பதில். டிக்கெட்டே ஆளுக்கு 480 யூரோதான். எவ்வளவு கேட்கலாம்? எப்படி?

கரிசல்:
முதலில் அந்த வவுச்சர் லிங்க்கைத் தொடாதீர்கள். இழப்பீடு பணமாகத்தான் தரப்பட வேண்டும். பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே வவுச்சர் செல்லும். இணையப் படிவத்தை நிரப்பி வவுச்சரைத் தேர்ந்தெடுப்பதும் கையெழுத்துக்குச் சமமாகலாம் என்று, டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய ஒரு வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. ஒரு க்ளிக்கில் எல்லாம் முடிந்துபோகும்.

தொகைக்கும் டிக்கெட் விலைக்கும் சம்பந்தமே இல்லை. விமானப் பயணிகள் உரிமைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதிப்படி தூரம்தான் கணக்கு: 1500 கி.மீ. வரை 250 யூரோ, 1500–3500 கி.மீ. 400, அதற்கு மேல் 600. (ஒன்றியத்துக்குள்ளேயே பறந்தால் 1500-க்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 400-தான்.) ஹம்பர்க்கிலிருந்து டொராண்டோவுக்கு நேர்கோட்டுத் தூரம் 3500-ஐ எளிதாகத் தாண்டும். ஆளுக்கு 600.

முதல் விமானம் 55 நிமிடம்தான் பிந்தியது என்பதை வைத்து மயங்க வேண்டாம். ஒரே புக்கிங் என்றால் கடைசி ஊரில் எவ்வளவு பிந்தினீர்கள் என்பதுதான் கேள்வி. 2013-இல் வந்த ஃபோல்கெர்ட்ஸ் தீர்ப்பு இதைப் பற்றியதுதான்: புறப்பட்ட ஜெர்மன் ஊரான பிரேமனில் சுமார் இரண்டரை மணி நேரத் தாமதம், பராகுவேயின் அசுன்சியோனில் இறங்கும்போது 11 மணி நேரம். தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் கதையே வேறு. 55 நிமிடத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

சுழல்காற்று:
"தொழில்நுட்பக் கோளாறு" பல்லவி பழசு. 2008-இல் வாலன்டின்-ஹெர்மன் வழக்கிலேயே அது பொதுவாக அசாதாரணம் ஆகாது என்று தீர்ப்பு வந்தாயிற்று. முன்னறிவிப்பில்லாமல் பழுதான பாகத்துக்கும் அதுவே பொருந்தும் என்று 2015-இல் இன்னொரு தீர்ப்பு. தப்பிக்க வழி இருப்பது, தயாரிப்பாளரே வெளிப்படுத்திய மறைந்த குறைபாடு, நாசவேலை போன்றவற்றுக்குத்தான்.

உண்மையிலேயே ஏர்லைன் தப்பிப்பது: மோசமான வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தடை, பறவை மோதல் (2017 தீர்ப்பு). சொந்த விமானிகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் தப்பிக்க முடியாது (2021). எதுவானாலும் நிரூபிக்கும் பொறுப்பு ஏர்லைனுடையது. காரணத்தைச் சொன்னால் போதாது, தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்ததாகவும் காட்ட வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: நீண்ட தூர விமானத்தில் இழப்பீட்டைப் பாதியாக்கும் விதி உண்டு. 300 தருகிறோம் என்று அடுத்த கடிதம் வரலாம்.

கரிசல்:
அந்தப் பாதி விதி இங்கே ஒட்டாது. 3500 கி.மீ.-க்கு மேற்பட்ட பயணத்தில், சேரும் தாமதம் 4 மணி நேரத்துக்குள் இருந்தால்தான் 50% குறைக்கலாம். இவர்களுக்கு 7 மணி நேரம். முழு 600.

துறைமுகம்:
நடைமுறை இதோ. ஏர்லைன் இணையப் படிவத்தில் ஏற்கெனவே போட்டாயிற்று. அதன் ஸ்க்ரீன்ஷாட்டும் பதில் கடிதமும் பத்திரம். இப்போது ஒரே பக்கத்தில் ஒரு கடிதம்: புக்கிங் எண், இரு விமான எண்களும் தேதியும், பயணிகள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, டொராண்டோவில் சேர வேண்டிய நேரம், சேர்ந்த நேரம், 261/2004-இன் 7-ஆம் பிரிவு, தொகை, பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கின் ஐபான் எண், 14 நாள் கெடு. "இரண்டு வாரத்துக்குள்" என்று எழுதாமல் தேதியாகவே போடுங்கள். கெடு தாண்டினால் ஏர்லைன் தவணை தவறியதாகும். அதன்பின் வைக்கும் வக்கீலின் கட்டணத்தையும் அவர்களிடமே கேட்கலாம்.

கோரிக்கை விமானத்தை இயக்கிய நிறுவனத்திடம்தான் போக வேண்டும், டிக்கெட் விற்ற தளத்திடம் அல்ல. கோட்ஷேர் டிக்கெட்டில் (ஒரு ஏர்லைன் பெயரில் விற்று இன்னொன்று பறக்கும் விமானம்) பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஜெர்மனியில் 'ஷ்லிஷ்டுங்' எனும் சமரச அமைப்பு, பயணிக்குச் செலவில்லை. ஏர்லைனிடம் முறையிட்டு இரண்டு மாதம் காத்திருந்த பிறகோ, மறுப்பு வந்த பிறகோ போகலாம். அதன் முடிவு பரிந்துரைதான், கட்டாயமில்லை. அடுத்தது ஹம்பர்க் ஆம்ட்ஸ்கெரிஷ்ட், அதாவது உள்ளூர் நீதிமன்றம். புறப்பட்ட ஊரிலோ சேர்ந்த ஊரிலோ வழக்குப் போடலாம். இழப்பீட்டு ஏஜென்சிகள் வேலையைச் சுலபமாக்குவது நிஜம், ஆனால் கிடைப்பதில் கணிசமான பங்கைக் கழித்துக்கொள்வார்கள். உங்கள் வழக்கு இவ்வளவு நேரடியாக இருக்கும்போது எதற்கு?

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 3 ஆண்டு, அதுவும் பறந்த ஆண்டின் முடிவிலிருந்து: 2024 ஆகஸ்டில் பறந்தால் 2027 டிசம்பர் 31 வரை. நெதர்லாந்தில் 2, பிரான்சில் 5.

நெய்தல்நிலா:
நன்றிங்க. குழந்தைக்கும் சேர்த்துக் கேட்கலாமா? போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிட்டோம், அது சிக்கலா?

துறைமுகம்:
குழந்தைக்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை என்றால் இழப்பீடு இல்லை. குறைந்த கட்டணமானாலும் ரசீதில் இருந்தால் 600 × 3 = 1800 என்றே எழுதுங்கள்.

போர்டிங் பாஸ் இல்லாததைச் சொல்லி மறுக்க முடியாது. உறுதியான முன்பதிவு போதும் என்று 2019-இல் தீர்ப்பு உண்டு.

சுழல்காற்று:
இழப்பீட்டுக்குத் தேவையான 3 மணி நேரத் தாமதத்தைத் தொட்டும் தொடாமலும் இருப்பவர்களுக்காக: சேர்ந்த நேரம் என்பது சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டது அல்ல, ஏதாவது ஒரு கதவு திறந்து பயணிகள் இறங்கலாம் என்றானது. 2014 ஜெர்மன்விங்ஸ் வழக்கில் 14.40-க்கு கொலோன் சேர வேண்டிய விமானம் தரை தொட்டது 17.38-க்கு, நின்றது 17.43-க்கு, அதன் பிறகே கதவு. பயணி ஜெயித்தார். கதவு திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நேரம் அதிலேயே பதிந்துவிடும்.