ஹால்ஸ்டெட் தெருவில் ஜேன் ஆடம்ஸ் இருந்த வீடு

ஊரிலிருந்து சிகாகோ வருகிறவர்களை நாங்கள் ஏரிக்கரைக்கும் வானுயரக் கட்டடங்களுக்கும்தான் கூட்டிப்போவது வழக்கம். இந்த முறை அம்மாவை ஹல் ஹவுஸுக்குக் கூட்டிப்போனேன். ஏழைகளுக்காகவும் உலக அமைதிக்காகவும் உழைத்த அமெரிக்கச் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். ப்ளூ லைன் ரயிலில் யுஐசி-ஹால்ஸ்டெட் நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

சார்லஸ் ஹல் என்பவர் 1856-ல் கட்டிய செங்கல் வீடு. 1889-ல் ஜேன் ஆடம்ஸும் அவர் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் இங்கே குடிவந்தபோது சுற்றுவட்டாரம் முழுக்க இத்தாலியர், ஜெர்மானியர், யூதர் என்று பிழைக்க வந்த ஜனங்கள். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் தொடங்கி, படிப்பு, இசை, கைத்தொழில், விளையாட்டுத் திடல் என்று வளர்ந்து 13 கட்டடங்களாயிற்று. 1960-களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்தது போக இப்போது இரண்டுதான் நிற்கின்றன: இந்த வீடும், அங்கே தங்கியிருந்தவர்களின் சாப்பாட்டுக் கூடமும். இடிக்கக் கூடாதென்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எவ்வளவோ போராடினார்கள். யாருக்காக இந்த வீடு திறந்திருந்ததோ அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களே இன்று இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது குப்பைக் கதை. அந்த வட்டாரத்தில் குப்பை சரியாக அள்ளப்படாமல் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். 1895-ல் ஜேன் ஆடம்ஸையே நகராட்சி குப்பை ஆய்வாளராக நியமித்தது. விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போவாராம். ஒரு சந்தில் அள்ள அள்ள, ஒன்றரை அடி ஆழத்தில் பழைய சாலைத்தளம் தென்பட்டதாம்.  "நம்ம ஊருக்கு ஒருத்தி இப்படிக் கிடைச்சா போதுமே" என்றார் அம்மா.

போகிறவர்கள் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஜேன் ஆடம்ஸின் படுக்கையறை மாடியில் இருக்கிறது. அங்கே மேரி ரோசெட் ஸ்மித்தின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க கூடப்பிறந்தவங்களா?" என்று கேட்டார் அம்மா. "இல்லம்மா, ஏறக்குறைய 40 வருஷம் துணையா இருந்தவங்க. ஜேன் ஆடம்ஸ் கல்யாணம் பண்ணிக்கலை" என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்தது அந்த வீட்டின் இன்னொரு பகுதிக் கதைக்காக. 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரில் ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கூடிப் போரை நிறுத்த வழி தேடினார்கள். தலைமை வகித்தவர் ஜேன் ஆடம்ஸ். பிறகு போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்கே நேரில் போய் அமைச்சர்களிடம் பேசினார். ஜூலையில் நியூயார்க் கார்னகி ஹாலில் பேசும்போது, துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்வதற்கு முன் படைவீரர்களுக்குப் போதை தரவேண்டியிருக்கிறது என்று தான் கேட்டறிந்ததைச் சொன்னார். வீரர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட்டதாகத் திரித்து, பத்திரிகைகள் அவரைக் கிழித்தெடுத்தன. அதுவரை அமெரிக்காவின் மகாத்மா போலக் கொண்டாடப்பட்டவர். 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கிய பிறகும் அவர் நிலை மாறவில்லை. போர் முடிந்து, பட்டினி கிடந்த ஜெர்மன் குழந்தைகளுக்கு உணவு கேட்டார், அதற்கும் வசைதான். 1919-ல் செனட் குழு முன் வைக்கப்பட்ட, நாட்டுக்கு ஆபத்தானவர்கள் என்ற 62 பேர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

குப்பை அள்ளியபோது கைதட்டிய அதே ஊர்தான். ஏழைக் குழந்தை சாகக் கூடாது என்று சொன்னபோது புரிந்தது, எதிரி நாட்டுக் குழந்தையும் சாகக் கூடாது என்றபோது மட்டும் புரியாமல் போய்விட்டது. அவருக்கு இரண்டும் ஒரே வேலை. ஹல் ஹவுஸில் எல்லா நாட்டுக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்வதைத் தினமும் பார்த்தவருக்கு, அந்த மக்களின் சொந்த ஊர்கள் ஒன்றையொன்று கொல்வதை எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? அந்த அறையில் நின்றபோதுதான் எனக்கு இது முழுதாக உறைத்தது.

1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார், ஆஸ்லோ போக முடியவில்லை. பரிசுப் பணத்தைத் தான் தலைமை தாங்கிய பெண்கள் அமைதி அமைப்புக்கே கொடுத்தார். 1935 மே மாதம் இறந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஹல் ஹவுஸுக்கு வந்து அஞ்சலி செலுத்தினார்கள்.

கிளம்பும் முன் திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். படிக்க நிறைய இருக்கிறது.

அவர் பிறந்ததும் அடக்கமானதும் இல்லினாயின் வடக்கே சீடர்வில் என்ற சிற்றூரில். கல்லறைக் கல்லில் ஹல் ஹவுஸ் பெயரையும் அந்த அமைதி அமைப்பின் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். அடுத்து அங்கே போகத் திட்டம். உங்களில் யாராவது போயிருந்தால், வழியையும் பார்த்ததையும் எழுதுங்கள்.