பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் ஏன் எடுபடவில்லை?

கேள்வி:
பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பம் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்', விற்பனைப் பட்டியலில் (சார்ட்) பிரிட்டனில் 6ஆம் இடம், அமெரிக்காவில் 131. இரண்டும் 1967 வெளியீடுதான். சைக்கடெலிக் ராக் அமெரிக்கர்களுக்குப் புதிதும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? இன்னொரு சந்தேகம்: மோனோ, ஸ்டீரியோ, எதை வாங்கலாம்?

பதில் 1:
அமெரிக்காவுக்குப் போனது இந்த ஆல்பமே இல்லை. கேபிடல் இசை நிறுவனத்தின் துணை நிறுவனமான டவர், 'அஸ்ட்ரானமி டொமினே', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூன்றையும் தூக்கிவிட்டு 'சீ எமிலி ப்ளே'யை முதல் பாட்டாக வைத்தது. மேனேஜர் பீட்டர் ஜென்னர் மெகாஃபோனில் கிரகப் பெயர்களைச் சொல்லும் தொடக்கம் போச்சு. 'பைக்'கின் கடைசியில் வாத்துக் கூட்டம் கத்துவதுபோல் சுழலும் டேப் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலிநாடாத் துண்டு) போச்சு. தலையும் இல்லை, வாலும் இல்லை.

பதில் 2:
வெட்டியது மட்டுமே காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரிட்டனில் 'சீ எமிலி ப்ளே' சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு) 6ஆம் இடம் வரை ஏறிய சூட்டோடு, ஆகஸ்டில் ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் அந்த சிங்கிள் முதல் 100க்குள்ளேயே வரவில்லை. ஆல்பம் அக்டோபரில்தான் வந்தது. நவம்பர் சுற்றுப்பயணமும் குழுவின் பாடகர் சிட் பாரெட்டின் மனநிலையால் பாதியில் நின்றது. பிறகு யார் வாங்குவார்கள்?

பிரிட்டன் வெற்றியையும் ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். அடுத்த சிங்கிளான 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' அங்கேயே சார்ட்டில் ஏறவில்லை.

பதில் 3:
முதலில் மோனோ. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் அதிக நேரம் செலவிட்டது அந்த மிக்ஸில்தான் (ஒலிக்கலவை). கிட்டாரும் ஆர்கனும் ஒன்றோடொன்று ஒட்டி, அடர்த்தியாக வரும். ஆனால் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' மட்டும் ஸ்டீரியோவில் கேட்டே ஆகணும்: முடிவில் மொத்த சத்தமும் இடமும் வலமுமாக ஊசலாடும், மோனோவில் அது கிடையாது. 2007 மறுவெளியீட்டில் இரண்டு மிக்ஸும் இருக்கின்றன.

பழைய எல்பி தேடினால் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து வந்த 1973இன் 'எ நைஸ் பேர்' அமெரிக்கப் பதிப்பில் கவனம். அதில் 'அஸ்ட்ரானமி டொமினே' ஸ்டுடியோ பதிவு இல்லை, 'உம்மகும்மா' ஆல்பத்தின் லைவ் (மேடை நிகழ்ச்சி) பதிவு. நேரத்தைப் பாருங்கள்: ஸ்டுடியோ பதிவு 4 நிமிடத்துக்குச் சற்று மேல், லைவ் 8 நிமிடத்தைத் தாண்டும்.