புதுப்பிப்பு: வயலின் முதுகலைக்குப் பிறகு என்ன?

ஜெர்மனியில் வயலின் முதுகலை முடிக்கும் அண்ணன் மகள் அடுத்து தனிக்கச்சேரிக்கான மேல்படிப்புக்குப் போவதா, ஆர்கெஸ்ட்ரா அகாடமிக்கா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அகாடமிதான் என்று முடிவாகிவிட்டது. பலர் விசாரித்ததால் இந்தக் குறிப்பு.

ஆர்கெஸ்ட்ராக்களே நடத்தும் இவ்வகைப் பயிற்சிப் பள்ளிகளில் பேர்போனது பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் கராயன் அகாடமி, 1972இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுப் பயிற்சி, ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களே ஆசிரியர்கள், மேடையிலும் அவர்களோடு அமர்ந்து வாசிக்கலாம். மற்ற ஆர்கெஸ்ட்ராக்கள் பலவும் இதே வழியில் அகாடமி நடத்துகின்றன.

அகாடமியில் சேர்வதற்கான தேர்வுதான் கழுத்தைப் பிடிக்கிறது. பெரும்பாலும் முதல் சுற்றில் மொசார்ட் கான்செர்ட்டோ (தனி வயலினை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா துணையோடு வாசிக்கும் படைப்பு); ஒளிய இடமில்லாத இசை. பிறகு ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளில் வயலினுக்கான கடினமான பகுதிகள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ முதல் பக்கம்தான் கேட்கிறது. எடுத்த எடுப்பிலேயே கீழிருந்து மேலே பாயும் வேகச் சுரங்கள். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். (எனக்கே மனப்பாடம்!)

அகாடமி முடித்தால் வேலை உறுதியா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. வேலைக்குத் தனித் தேர்வு. அதில் வென்றாலும் வழக்கமாக ஓராண்டு வரை தகுதிகாண் காலம். முடிவில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று சக கலைஞர்கள் வாக்களிக்கிறார்கள். “வேலை கிடைத்த பிறகும் பரீட்சையா?” என்கிறார் அண்ணன்.