எனிமி டெரிட்டரி லினக்ஸில் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது: உதவி தேவை

செந்தில்:

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் இரு அணிகளாகப் பிரிந்து சுடும் 'வுல்ஃபென்ஸ்டைன்: எனிமி டெரிட்டரி' விளையாட்டின் கடைசி அதிகாரப்பூர்வப் பதிப்பான 2.60பி-யை என் மடிக்கணினியில் நிறுவினேன். 64 பிட் லினக்ஸ், கிராபிக்ஸுக்கு மெசா என்ற திறந்த மூல டிரைவர். சின்னத்தைச் சொடுக்கினால் திரை ஒரு கணம் கறுக்கிறது. அடுத்த கணமே பழைய திரைக்குத் திரும்பிவிடுகிறது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், பலன் இல்லை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2006-இல் நானும் அண்ணனும் ஒரு பிரவுசிங் சென்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து இதைத்தான் ஆடுவோம். அவர் எப்போதும் மெடிக் (விழுந்தவர்களை எழுப்புபவர்), நான் எஞ்சினியர் (வெடி வைப்பவர்). இப்போது அவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். வருகிற சனிக்கிழமை இருவருக்கும் ஓய்வு. அதற்குள் இதை ஓடவைத்துவிட வேண்டும்.

நிலவன்:

புதிய கிராபிக்ஸ் டிரைவர்களுக்கும் பழைய விளையாட்டுகளுக்கும் ஒத்துப்போகாது. டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

மீனாட்சி:

செந்தில், டிரைவரில் கை வைக்காதீர்கள். மற்ற நிரல்களும் கெட்டுப்போகும். முதலில் டெர்மினலைத் திறந்து அங்கிருந்து விளையாட்டை இயக்குங்கள். அது சாகும் முன் கடைசியாக என்ன எழுதுகிறது என்பதுதான் முக்கியம். அந்தக் கடைசிச் சில வரிகளை இங்கே சொல்லுங்கள்.

செந்தில்:

இயக்கிப் பார்த்தேன். திரை அளவு, வண்ண ஆழம் எல்லாம் ஒழுங்காக வருகிறது. பிறகு ஓப்பன்ஜிஎல் நீட்சிகள் என்று தொடங்கி ஒரே வரியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடுகின்றன. பட்டியல் முடியும் முன்பே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றுவிடுகிறது.

மீனாட்சி:

காரணம் கிடைத்துவிட்டது. இது உங்கள் கணினியின் கோளாறு அல்ல, டிரைவரின் கோளாறும் அல்ல.

ஐடி டெக் 3 எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல்) எழுதப்பட்ட பல விளையாட்டுகளுக்கு இந்தச் சிக்கல் உண்டு. தொடங்கும்போது விளையாட்டு டிரைவரைப் பார்த்து, 'உனக்கு என்னென்ன தெரியும்?' என்று கேட்கும். டிரைவர் தனக்குத் தெரிந்த நீட்சிகளின், அதாவது கூடுதல் வரைகலை வசதிகளின், பெயர்களை எல்லாம் ஒரே நீண்ட சரமாகக் கொடுக்கும். 2003-இல் அந்தச் சரம் சிறியது. அதற்கு ஏற்ற அளவில்தான் நினைவகத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் புதிய நீட்சிகள் சேர்ந்து பட்டியல் பல மடங்கு நீண்டுவிட்டது. பழைய பாத்திரத்தில் புதிய வெள்ளத்தை ஊற்றினால் வழியத்தான் செய்யும். வழிந்தது பக்கத்து நினைவகத்தை அழிக்கிறது, நிரல் விழுந்துவிடுகிறது.

மெசாவில் இதற்கென்றே ஒரு சூழல் மாறி (நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) இருக்கிறது. மெசா, எக்ஸ்டென்ஷன், மேக்ஸ், இயர் என்ற நான்கு சொற்களையும் பெரிய எழுத்துகளில், இடையிடையே அடிக்கோட்டுக் குறி (_) போட்டு ஒரே சொல்லாக எழுதுங்கள். அதற்கு 2003 என்று மதிப்பு கொடுத்து, அதே வரியில் விளையாட்டின் பெயரையும் சேர்த்து இயக்குங்கள். அந்த ஆண்டுக்குப் பின் வந்த நீட்சிகளை டிரைவர் மறைத்துவிடும். அந்த ஒரு நிரலுக்கு மட்டும்தான் மறைக்கும், மற்றவை வழக்கம்போல் ஓடும்.

செந்தில்:

திறந்துவிட்டது! முகப்புப் படத்தைப் பார்த்தபோது உண்மையிலேயே தொண்டை அடைத்துவிட்டது. மிக்க நன்றி அக்கா.

இன்னும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஒலி அறவே இல்லை. டெர்மினலில் 'டெவ் டிஎஸ்பி' என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வருகிறது. மற்றொன்று விசித்திரமானது. என் திரை 144 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு அதிகபட்சம் 144 ஃபிரேம் (திரையில் வரையப்படும் படம்) என்று அமைத்தேன். ஆனால் எண்ணிக்கை 166 என்று காட்டுகிறது. அதோடு, அந்தக் காலத்தில் ஒரே தாவலில் ஏறிய பெட்டி ஒன்றின் மேல் இப்போது ஏற முடியவில்லை. விளிம்பில் முட்டிக்கொண்டு விழுகிறேன். கை பழக்கம் விட்டுப்போனதுதானா?

அருளானந்தம்:

தம்பி, உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன், இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இந்த எஞ்சின் நேரத்தை முழு மில்லிநொடிகளில்தான் எண்ணும். 1000-ஐ நீங்கள் கொடுத்த 144-ஆல் வகுத்தால் 6.94 வரும். அது பின்னத்தை வெட்டிவிட்டு 6 என்று வைத்துக்கொள்ளும். ஒரு ஃபிரேமுக்கு 6 மில்லிநொடி என்றால் நொடிக்கு 166 ஃபிரேம். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இனி தாவலுக்கு வருவோம். விளையாட்டுக்குள் ஈர்ப்பு விசையின் மதிப்பு 800. ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த ஃபிரேமின் நேரத்துக்கு ஏற்ப உங்கள் வேகம் குறையும். குறைந்த வேகத்தை எஞ்சின் முழு எண்ணாக்கிவிடும். வலையில் அனுப்பும் தரவைச் சுருக்க அன்று செய்த ஏற்பாடு அது. 6 மில்லிநொடிக்கு 4.8 குறைய வேண்டும், ஆனால் 5 குறைகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் இப்படிச் சிறிது கூடுதலாக இழுக்கப்படுவதால் தாவல் குள்ளமாகிறது. ஃபிரேமை 125 என்று வைத்தால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 8 மில்லிநொடி. 6.4 குறைய வேண்டிய இடத்தில் 6 மட்டுமே குறையும். ஈர்ப்பு 750 இருப்பது போல் உயரமாகத் தாவுவீர்கள். பழைய ஆட்டக்காரர்கள் பலரும் 125 என்று வைத்திருந்ததன் காரணம் இதுதான். பிற்காலத்து மாட்கள் (ஆர்வலர்கள் விளையாட்டை மாற்றியமைத்த வடிவங்கள்) பலவற்றில் இதைச் சமன்செய்ய வழி இருக்கிறது. அதுவரை 125 வையுங்கள், பெட்டியில் ஏறிவிடுவீர்கள்.

மீனாட்சி:

ஒலிக்கு: பழைய நிரல் ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி முறையோடு நேரடியாகப் பேசுகிறது. இன்றைய லினக்ஸில் அந்தக் கதவே இல்லை. ஒட்டுப்போடும் உத்திகள் சில உண்டு, நானும் பல மாலைப் பொழுதுகளை அவற்றில் கழித்திருக்கிறேன். அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். 'ஈடி: லெகசி'க்கு மாறிவிடுங்கள். நீட்சிச் சிக்கல், ஒலிச் சிக்கல் இரண்டும் அதில் இல்லை.

லெகசி வேறொரு விளையாட்டு அல்ல. லண்டனைச் சேர்ந்த ஸ்பிளாஷ் டேமேஜ், 2001-இல் வந்த 'ரிட்டர்ன் டு காசில் வுல்ஃபென்ஸ்டைன்' விளையாட்டுக்கு விலைக்கு விற்கும் விரிவாக்கமாகத்தான் எனிமி டெரிட்டரியை உருவாக்கத் தொடங்கியது. தனியாள் பகுதி தேறவில்லை. பலர் சேர்ந்து ஆடும் பகுதி முடிந்திருந்தது. அதைக் குப்பையில் போடாமல் 2003 மே 29 அன்று இலவசமாகவே வெளியிட்டார்கள். விளம்பரம் இல்லை, உள்ளே வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. 2010 ஆகஸ்டில் ஐடி சாஃப்ட்வேர் அதன் மூல நிரலை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டது. அந்த நிரலை எடுத்துப் பிழை திருத்தி, இன்றைய கணினிகளுக்கு ஏற்ப ஆர்வலர்கள் பராமரித்துவருவதுதான் லெகசி. சம்பளம் வாங்காமல் இத்தனை ஆண்டுகளாக இதைச் செய்கிறார்கள். அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நிறுவிய பின் பழைய 'ஈடிமெயின்' கோப்புறையில் உள்ள பாக்0, பாக்1, பாக்2 ஆகிய மூன்று கோப்புகளையும் லெகசியின் அதே பெயருள்ள கோப்புறைக்கு நகலெடுங்கள். வரைபடங்களும் ஒலிகளும் அவற்றில்தான் இருக்கின்றன. பழைய கோப்புறையை முழுவதுமாகத் தூக்கிப் போடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் சர்வர்களிலிருந்து இறங்கிய மாட் கோப்புகள் ஒன்றோடொன்று மோதும்.

நிலவன்:

நிரல்தான் திறந்த மூலமாகிவிட்டதே, அந்த பாக் கோப்புகளை மட்டும் ஏன் தனியாக நகலெடுக்க வேண்டும்? லெகசியோடு சேர்ந்தே வராதா?

மீனாட்சி:

நல்ல கேள்வி. ஜிபிஎல் உரிமம் நிரலுக்கு மட்டும்தான். ஓவியம், ஒலி, வரைபடம் ஆகியவை பழைய உரிமத்தின் கீழேயே இருக்கின்றன. பணம் கொடுக்காமல் பதிவிறக்கலாம், ஆனால் அவை திறந்த மூலம் அல்ல. லெகசி குழு இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்துவருகிறது.

செந்தில்:

லெகசி நிறுவினேன், ஒலி வந்துவிட்டது. 125 வைத்தேன், பெட்டியிலும் ஏறிவிட்டேன். ஆனால் நேற்று இரவு அண்ணன் வழக்கமாக ஆடும் சர்வரில் நுழைந்தபோது, வரைபடம் ஏறிக்கொண்டிருந்த நிலையில் 'சிகேம்' என்ற பகுதியை ஏற்ற முடியவில்லை என்று வெளியே தள்ளிவிட்டது. வேறு சர்வர்களில் நுழைய முடிகிறது. அண்ணன் காத்திருந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அருளானந்தம்:

அந்தச் சர்வரில் என்ன மாட் ஓடுகிறது என்று சர்வர் பட்டியலில் பாருங்கள் தம்பி.

செந்தில்:

ஈடிபுரோ என்று இருக்கிறது ஐயா.

அருளானந்தம்:

அப்படியானால் நீங்கள் நிறுவியிருப்பது 64 பிட் லெகசி. சரிதானே?

சிகேம் என்பது ஆட்ட விதிகளில் உங்கள் கணினியில் ஓட வேண்டிய பங்கு. ஒவ்வொரு மாட்டும் தனக்கான சிகேமைக் கொண்டுவரும். ஈடிபுரோ 32 பிட்டுக்கு மட்டுமே உருவாக்கப்பட்டது, அதன் மூல நிரலும் வெளியிடப்படவில்லை. அதனால் வேறு யாரும் அதை 64 பிட்டாக மாற்றித் தர முடியாது. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் பகுதியை ஏற்றவும் முடியாது. உங்கள் கணினி 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் லெகசியைப் பதிவிறக்கி நிறுவுங்கள். அதற்குத் தேவையான 32 பிட் நூலகங்களையும் லினக்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மாட் ஓடும் சர்வர், லெகசி மாட் ஓடும் சர்வர் இரண்டிலும் அதை வைத்தே ஆடலாம்.

செந்தில்:

இன்று மதியம் 32 பிட் நிறுவினேன். அண்ணன் அங்கே இல்லாவிட்டாலும் அந்தச் சர்வரில் தனியாக நுழைந்து பார்த்தேன், உள்ளே விட்டுவிட்டது. பிங் (தரவு சர்வருக்குப் போய்வரும் நேரம்) 165 மில்லிநொடி காட்டுகிறது. இதைக் குறைக்க ஏதாவது அமைப்பு உண்டா?

நிலவன்:

கம்பியில்லா இணைப்பை விட்டு நேரடிக் கேபிள் போட்டுப் பாருங்கள். எனக்கு ஏற்ற இறக்கம் நின்றது அதனால்தான்.

அருளானந்தம்:

நிலவன் சொன்னது சரி. கேபிள் போட்டால் பிங் சீராக இருக்கும், ஆனால் பெரிதாகக் குறையாது. ஒளி கண்ணாடி இழைக்குள் ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் செல்லும். உதாரணத்துக்குச் சென்னையிலிருந்து ஜெர்மனியின் பிராங்பேர்ட் நேர்க்கோட்டிலேயே சுமார் 7,500 கிலோமீட்டர். போய்வர 75 மில்லிநொடி எந்த மந்திரத்தாலும் குறையாது. கேபிள்கள் நேராகவும் போவதில்லை, கடலுக்கடியில் சுற்றித்தான் போகின்றன. அமைப்புகளில் உள்ள எந்த எண்ணும் தூரத்தைச் சுருக்காது.

ஆனாலும் வருந்த வேண்டாம். அந்தச் சர்வரில் ஆன்டிலேக் என்ற தாமத ஈட்டு ஏற்பாடு இயங்குகிறதா என்று அண்ணனைக் கேளுங்கள். இயங்கினால், நீங்கள் சுட்ட நொடியில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தாரோ அந்த இடத்துக்கு அவரைப் பின்னோக்கி வைத்துத்தான் சர்வர் கணக்கிடும். ஆகவே ஓடுபவருக்கு முன்னால் சுட வேண்டாம், நேராக அவர் உடலையே குறிவையுங்கள். பழைய பழக்கத்தில் முன்தள்ளிச் சுட்டால் எல்லாம் வீணாகும். அதே காரணத்தால் நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சில சமயம் அடிபட்டு விழுவீர்கள். சுட்டவரின் திரையில் நீங்கள் அப்போது ஒளிந்திருக்கவில்லை.

செந்தில்:

ஞாயிற்றுக்கிழமை காலை இதை எழுதுகிறேன். நேற்று இரவு இரண்டு மணி நேரம் ஆடினோம்.

ஆன்டிலேக் இயங்குகிறது என்று அண்ணன் சொன்னார். நேராகக் குறிவைத்தேன், பட்டது. கோல்ட் ரஷ் வரைபடத்தில் டாங்கின் பாதையை மறிக்கும் முதல் தடுப்பில் டைனமைட் வைத்தேன். வெடிக்க முப்பது நொடி. எதிரணி எஞ்சினியர் ஒருவர் அதைச் செயலிழக்கச் செய்ய இடுக்கியோடு ஓடிவந்தார். அவரைத் தடுக்கப் போன நான் அங்கேயே விழுந்துவிட்டேன். திரை சாய்ந்து கிடக்க, மெடிக்கைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினேன். கூப்பிடும் குரல் ஒலித்தது. பின்னாலிருந்து காலடிச் சத்தம் வந்தது, பிறகு ஊசி போடும் அந்தச் சிறிய சத்தம். எழுந்து பார்த்தால் அண்ணனின் பெயர். எழுந்த மறுகணம் தடுப்பு வெடித்தது. ஒலி இல்லாமல் ஆடியிருந்தால் இதில் பாதிகூட எனக்குக் கிடைத்திருக்காது.

மீனாட்சி அக்கா, அருளானந்தம் ஐயா, நிலவன், மூவருக்கும் நன்றி. அடுத்த சனிக்கிழமை இங்கே இரவு 10 மணிக்கு ஃபியூயல் டம்ப் வரைபடத்தில் ஆடுகிறோம். எங்கள் அணியில் இன்னும் ஓர் எஞ்சினியருக்கு இடம் இருக்கிறது.

மீனாட்சி:

அந்த இடத்தை எனக்கு வையுங்கள்.